மினிக்காய் வரை

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர் பெருமக்கள் பேசக் கேட்டுக்கொண்டு, பின்வரிசையில் அமர்ந்து, பந்திக்கு இலை போடும் ஓசை எப்போது எழும் என்று காது கொடுத்திருந்தவன் நான். இம்முறை செயலாளர் அவர்கள் என் வீட்டுத் திண்ணைக்கே வந்து, "குறளும் சிலம்பும் பேசப் பலர் இருக்கின்றனர். நீர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கப்பலில் போய் வந்தீரே, அதைப் பேசும்" என்று பணித்தார். புகைவண்டி நிலையத்தில் பார்சலுக்குச் சீட்டு எழுதுகிறவன் கடலைப் பற்றிப் பேசலாமா என்று தயங்கினேன். "தண்டவாளத்தைப் பற்றிப் பேசினால்தான் எங்களுக்குத் தூக்கம் வரும்" என்றார் அவர். ஆகவே கடலைப் பற்றியே பேசுகிறேன்.

நம் குடும்பங்களின் பயணம் எத்தகையது என்பதை நாம் அனைவரும் அறிவோம். திருவனந்தபுரத்திலிருந்து புறப்பட்டால் நாகர்கோவில், திருநெல்வேலி, அல்லது அதற்கு அப்பால் நம் சொந்த ஊர். கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து, துட்டி. ஆண்டுக்கு ஒருமுறை திருச்செந்தூர். வேண்டுதல் இருந்தால் பழனி. மேற்கே, நம் வீட்டுக்கு இரண்டு மூன்று கல் தொலைவில், சங்குமுகத்தில் கடல் கிடக்கிறது. மாலையில் போய்க் கால் நனைத்து, கடலை வாங்கித் தின்றுவிட்டுத் திரும்புகிறோம். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நாம் கேட்டதில்லை. என் வீட்டில் கேட்காமல் இருந்ததற்கு ஒரு காரணமும் உண்டு.

எங்கள் பூர்விகம் திருச்செந்தூருக்கு அடுத்த ஒரு சிற்றூர். என் பாட்டனார் 1947ஆம் ஆண்டு தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போனார். அங்கே ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதினார். மூன்று ஆண்டுகள் கடிதமும் பணமும் ஒழுங்காக வந்தன. ஊருக்கு வருகிறவர் எவரேனும் இருந்தால், அவர் கையில் ஒரு பொட்டலம் மாசியும் கொடுத்தனுப்புவார். மாசி என்பது சூரை மீனை அவித்து, புகை போட்டு, வெயிலில் கட்டைபோல் காய வைத்த கருவாடு. தூத்துக்குடிப் பக்கத்தார் நன்கறிவர். நான்காம் ஆண்டில் கடிதம் நின்றது. இறந்தாரா, இருக்கிறாரா என்பது இன்றுவரை தெரியாது. ஆச்சி தாலியைக் கழற்றவும் இல்லை, தேடி ஆள் அனுப்பவும் வசதி இல்லை. ஒன்று மட்டும் செய்தார்: அன்று முதல் அவர் அடுக்களைக்குள் மாசி வரவில்லை, அவர் வயிற்றில் பிறந்தவர் எவரும் கப்பலில் கால் வைக்கக் கூடாது என்று என் தந்தையாரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். என் தந்தையார் திருவனந்தபுரத்துக்குக் குடிவந்து, சாலைக் கடைத்தெருவில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்தார். கடற்கரைக்குப் போனாலும் மணலிலேயே உட்கார்ந்துவிடுவார். நீர் அருகே வரமாட்டார்.

இந்தச் சத்தியத்தை மீறியவன் நான்.

2019ஆம் ஆண்டு. என் மகளுக்கு வயது பதினாறு, மகனுக்குப் பதின்மூன்று. இவ்வயதுப் பிள்ளைகளை வீட்டில் வைத்திருப்போர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருவரும் ஒரே அறையில் இருந்துகொண்டு ஓராண்டாக ஒருவரோடொருவர் பேசவில்லை. மகன் கைபேசியே கதி என்று கிடந்தான். மகள் எதைக் கேட்டாலும் "ஒன்றுமில்லை" என்பாள். அவ்வாண்டு அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வழக்கம்போல் ஊருக்குப் போகலாம் என்றேன். "அங்கே போய் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்வது?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டனர். அந்த ஓராண்டில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். என் மனைவிதான், "ஏங்க, கொச்சியிலிருந்து இலட்சத்தீவுக்குக் கப்பல் போகிறதாமே" என்றாள். அவளுக்கு ஆச்சியின் சத்தியம் தெரியும். தெரிந்தே சொன்னாள்.

இலட்சத்தீவு அரசின் சுற்றுலாக் கழகம் அக்காலத்தில் 'சமுத்திரம்' என்னும் பெயரில் ஐந்து நாள் பயணம் ஒன்றை நடத்தி வந்தது. கொச்சியில் 'எம்.வி. கவரத்தி' என்னும் கப்பலில் ஏற வேண்டும். இரவெல்லாம் கப்பல் ஓடும். விடிந்தால் ஒரு தீவு. பகலில் தீவில் இறங்கிப் பார்த்துவிட்டு, மாலையில் மீண்டும் கப்பலுக்கு வந்து உறங்க வேண்டும். கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என மூன்று தீவுகள். மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும் ஆதலால் அக்டோபர் முதல் மே நடுவு வரையே பயணம். நுழைவு அனுமதி இல்லாமல் அத்தீவுகளில் எவரும் கால் வைக்க முடியாது. செலவு என் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. தண்டவாளம் உள்ள இடமெல்லாம் எனக்கு இலவசப் பாஸ் உண்டு. கடலுக்கு எந்த அரசு பாஸ் தரும்? சங்கத்துச் சீட்டுப் பணத்தை எடுத்தேன் என்பது பொருளாளருக்குத் தெரியும். தந்தையாரிடம் "கொச்சிக்குப் போகிறோம்" என்று மட்டும் சொன்னேன். பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை.

விடியற்காலை வேணாடு எக்ஸ்பிரஸில் புறப்பட்டு எர்ணாகுளம் சேர்ந்து, வில்லிங்டன் தீவுக்குப் போனோம். அத்தீவு இயற்கையில் அமைந்ததன்று. சர் ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது தோண்டிய மண்ணைக் கொட்டி ஆக்கியது. அங்கே கொச்சி ஹார்பர் டெர்மினஸ் என்னும் பழைய ரயில் நிலையம் உண்டு. நாங்கள் போன அன்று அங்கே வண்டி எதுவும் இல்லை. நடைமேடையில் புல் முளைத்திருந்தது. நான் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். "அப்பா, கப்பலைப் பார்க்க வந்துவிட்டு ஸ்டேஷனைப் பார்க்கிறார்" என்று மகன் சொல்ல, மகள் சிரித்தாள். அதைக் குறித்துக்கொண்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். உல்லாசக் கப்பல் என்றதும் நீச்சல் குளமும் நாடக மேடையும் நினைவுக்கு வரலாம். அத்தகைய கப்பல்களும் உள்ளன. 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கு ஒன்று புறப்பட்டதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். நாங்கள் ஏறியது அப்படிப்பட்டதன்று. விசாகப்பட்டினத்து இந்துஸ்தான் கப்பல் தளத்தில் கட்டிய அக்கப்பல், ஏறக்குறைய 700 பேரைச் சுமந்து செல்வது. தீவு மக்களுக்கு அதுவே பேருந்து. கொச்சியில் மருத்துவம் பார்த்துத் திரும்பும் கிழவர், விடுமுறைக்கு வீடு போகும் கல்லூரிப் பிள்ளைகள், புதுத் துணி மூட்டையோடு கல்யாண வீட்டார், குளிர்பதனப் பெட்டியைக் கயிற்றால் கட்டித் தூக்கி வந்த இருவர். சுற்றுலா வந்த எங்களைப் போன்றோர் சிலர். எனக்கு அதுவே பிடித்திருந்தது. உல்லாசத்துக்கென்றே கட்டிய கப்பலில் என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்திருக்காது; இங்கே நம் நாகர்கோவில் பாசஞ்சரில் உட்கார்ந்ததுபோல் இருந்தது.

நால்வர் படுக்கும் ஓர் அறை எங்களுக்குக் கிடைத்தது. கரை மறைந்து சில மணி நேரத்தில் கைபேசியில் தொடர்பு அற்றது. மகன் அதை உயரத் தூக்கிப் பார்த்தான், கம்பிக் கைப்பிடி அருகே கொண்டுபோய்ப் பார்த்தான், பின்பு எதையோ பறிகொடுத்தவன்போல் படுக்கையில் விழுந்தான். என் மனைவிக்குத் தலைசுற்றலும் குமட்டலும் தொடங்கின. போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மருந்தைக் கப்பல் ஏறுமுன்பே உட்கொள்ளுங்கள், வயிற்றைக் காலியாக வைக்காதீர்கள், அறைக்குள் அடைந்து கிடக்காமல் மேல்தட்டில் காற்றில் நின்று தொடுவானத்தைப் பாருங்கள். எங்களுக்கு இதைச் சொல்வார் இல்லை. அன்றிரவு நான் உறங்கவில்லை. இயந்திரத்தின் அதிர்வு கட்டில் வழியே முதுகில் ஏறியது. நள்ளிரவில் மகளின் படுக்கை காலியாக இருக்கக் கண்டு பதறி ஓடினேன். மேல்தட்டில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். "என்னம்மா?" என்றேன். "ஒன்றுமில்லை" என்றாள். ஆனால் அது வீட்டில் சொல்லும் "ஒன்றுமில்லை" அன்று.

மறுநாள் கவரத்தி. பவளப் பாறை சூழ்ந்த தீவாகையால் கப்பல் தொலைவிலேயே நின்றுவிடும். கப்பலின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, கீழே அலையில் ஏறி இறங்கும் படகுக்கு நம்மை மாற்றுவார்கள். படகு மேலே வரும்போது கால் வைக்க வேண்டும். ஒரு நொடி தவறினால் அது ஓர் ஆள் ஆழம் கீழே போய்விடும். இரு பக்கமும் தீவு இளைஞர் நின்று கையைப் பற்றி, மூட்டையைத் தூக்குவதுபோல் நம்மைத் தூக்கி வைத்துவிடுகின்றனர். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள். மகள் எவர் கையையும் பிடிக்காமல் தாவினாள்.

கவரத்தியில் உஜ்ரா பள்ளிவாசலின் மரக்கூரைச் செதுக்கு வேலையைக் கண்டோம். ஆயினும் என் மகளை அங்கிருந்து நகர்த்த முடியாதபடி செய்தது வேறொன்று. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. 2005ஆம் ஆண்டில், சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் அமைத்தது. நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் தரும்படி ஆக்கியது. அதன் சூட்சுமம் எளிது. மேற்பரப்புக் கடல்நீர் வெதுவெதுப்பானது. ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்து நீர் மிகக் குளிர்ந்தது. மேல்நீரைக் காற்றழுத்தம் குறைத்த கலத்தில் விட்டால், கொதிக்க வைக்காமலே ஆவியாகிறது. அவ்வாவியை ஆழத்துக் குளிர்நீர்க் குழாய்களில் பட வைத்தால் நன்னீராகிறது. உப்பு அங்கேயே நின்றுவிடுகிறது. மகள் இதை எனக்கு இருமுறை விளக்கினாள். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கே விளங்கியது என்றால், அவள் நன்றாக விளக்கினாள் என்றுதான் பொருள்.

தீவினர் பேசும் மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெசரி என்னும் அம்மொழி மலையாளத்தின் ஒரு கிளை. சாலைக் கடைத்தெருவில் என் மலையாளத்தைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்ட என் மகன், அங்கே ஒரு கடைக்காரர் சொன்னதை மும்முறை கேட்டும் விழித்து நின்றான். எனக்கோ பாதி விளங்கியது; காதில் நம் பழந்தமிழ்ச் சொல்போல் விழுந்தது. வேறோர் உறவும் உண்டு. 1956 நவம்பர் முதல் நாள் வரை அத்தீவுகள் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நம் தாலுக்காக்கள் சென்னை மாகாணத்தோடு சேர்ந்த அதே நாளில், அத்தீவுகள் அதிலிருந்து பிரிந்து ஒன்றிய ஆட்சிப் பகுதியாயின. ஒரே நாளில் ஒரு கோடு அவர்களை அந்தப் பக்கமும், நம் உறவினரை இந்தப் பக்கமும் வைத்தது. திருவனந்தபுரத்தில் தங்கிவிட்ட நாம் எந்தப் பக்கம் என்பதை நம் பெரியவர்கள் இம்மேடையில் பலமுறை பேசியுள்ளனர். நான் அதில் நுழையவில்லை.

மூன்றாம் நாள் கல்பேனியில்தான் அது நடந்தது. படகுக்குத் தாவும்போது ஓர் அலை எழுந்தது. மகள் தடுமாறினாள். கையைப் பற்றிவிட்டனர்; அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மூக்குக்கண்ணாடி கழன்று நீரில் விழுந்து, பளிங்குபோன்ற அந்தக் கடலில் பளபளத்துக்கொண்டே கீழே கீழே போயிற்று. எல்லோரும் எட்டிப் பார்த்தோம். எனக்குப் பயம் கோபமாக மாறியது. அத்தனை பேர் நடுவில் அவளைத் திட்டினேன். "கையைப் பிடி என்றால் பிடிக்க வேண்டியதுதானே! எல்லாம் தெரிந்தவள்போல் தாவுகிறாயே!" என்றேன். இன்னும் என்னவோ சொன்னேன். இங்கே சொல்லத் தக்கதன்று.

கல்பேனியின் கீழைக் கரையில் பவளக் கற்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. 1847ஆம் ஆண்டுப் பெரும்புயல் கடலடியிலிருந்து வாரிப் போட்டவை என்கின்றனர். பெண்பிள்ளைகள் பள்ளி செல்வது ஆகாது என்றிருந்த காலத்தில், இலட்சத்தீவில் முதன்முதல் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய தீவும் அதுவே என்று வழிகாட்டி சொன்னார். மகள் ஒன்றையும் பார்க்கவில்லை. அழுதுகொண்டே இருந்தாள். ஒரு கண்ணாடிக்கு இத்தனை அழுகையா என்று எனக்கு வியப்பு.

இரவில் மனைவி என்னை மேல்தட்டுக்கு அழைத்துச் சென்று விவரம் சொன்னாள். மகள் ஓராண்டாகக் கப்பற்படிப்பைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறாள். கொடுங்கல்லூரைச் சேர்ந்த ராதிகா மேனன் இந்திய வணிகக் கப்பலின் முதல் பெண் தலைவராகி, 2015ஆம் ஆண்டு வங்கக் கடலில் தத்தளித்த மீனவர் எழுவரைக் காப்பாற்றி, அடுத்த ஆண்டு உலகக் கடல்சார் அமைப்பின் வீர விருதையும் பெற்றவர் அல்லவா? அவர் படத்தை மகள் நோட்டுக்குள் வைத்திருக்கிறாள். கப்பல் செலுத்தும் படிப்புக்குக் கண்ணாடி இல்லாத முழுப் பார்வை வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். கண்ணாடி வாங்கிய நாளிலிருந்துதான் எல்லாவற்றுக்கும் "ஒன்றுமில்லை" ஆயிற்று. இன்று அத்தனை பேர் முன்னிலையில் அக்குறை வெளிப்பட்டதுபோல் ஆகிவிட்டது.

நான் உடனே சொன்னது என்ன தெரியுமா? "நல்லதாயிற்று" என்றேன். கண் குறை இருந்தால் கப்பல் இல்லை. ஆச்சியின் சத்தியம் தானாகவே நிற்கும் என்று நினைத்தேன். மனைவி என்னோடு அன்றிரவு பேசவில்லை.

நான்காம் நாள் மினிக்காய். அந்நாட்டார் அதை மலிக்கு என்பர். நம் திருவனந்தபுரத்துக்கு ஏறக்குறைய நேர் மேற்கே, சங்குமுகத்தில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டாத தொலைவில் கிடப்பது அதுதான். மற்றத் தீவுகளிலிருந்து 200 கிலோமீட்டர் தள்ளி, மாலத்தீவுக்கு அருகே இருக்கிறது. மொழி மகல், வலமிருந்து இடமாக எழுதுவது. ஊர் பதினொரு கிராமங்களாகப் பிரிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூப்பர் உண்டு. உடையும் உணவும் வீடும் வேறு. பந்தயப் படகுகளுக்கு வண்ணம் தீட்டிக் கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். நம் தேர்ப்பந்தல் நினைவு வந்தது. சூரை பிடிக்கும் முறையைச் சொன்னார்கள். உயிருள்ள சிறுமீனைக் கடலில் வீசி, நீரைத் தெளித்துச் சூரைக் கூட்டத்தை மேலே வரவழைத்து, நீண்ட கழியில் இரையற்ற தூண்டிலால் ஒவ்வொன்றாகச் சுண்டி எடுப்பது. வலை கிடையாது. பிடித்ததில் பெரும்பகுதி மாசியாகிறது.

அத்தீவு ஆண்கள் பல தலைமுறைகளாகக் கப்பல் ஊழியர்கள். உலகத்துக் கப்பல்களில் எல்லாம் மினிக்காயான் உண்டு என்பார்கள். வீடும் நிலமும் பெண்கள் கையில். மணமானவன் மனைவி வீட்டில் வாழ்கிறான். எங்களை ஒரு வீட்டுக்கு அழைத்துச் சென்றனர். சுவர் நிறையக் கப்பற் படங்கள். வீட்டுக்காரர் எழுபது கடந்தவர், ஓய்வு பெற்ற கடலோடி. தூத்துக்குடி என்றதும் முகம் மலர்ந்து, "சாப்பாடு, தண்ணி, சீக்கிரம்" என்று தமக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னார். மகள் அவரிடம் மலையாளத்தில் கேட்டாள்: "கண் சரியில்லாதவர்களுக்குக் கப்பலில் வேலையே இல்லையா?" அவர் சிரித்தார். "மோளே, மேலே நின்று பார்ப்பவன் ஒருவன். கீழே இயந்திரம் ஓட்டுபவர்கள் எத்தனை பேர்! அங்கே கண்ணாடி போட்டவர்கள் இருக்கிறார்கள். நானே முப்பது ஆண்டுகள் கீழேதான்" என்றார்.

என் மனைவி அவர் மனைவியிடம், வழிகாட்டி வழியாக, அந்த முப்பது ஆண்டுகள் எப்படிக் கழிந்தன என்று கேட்டாள். அந்த அம்மையார் நெடுநேரம் யோசித்தார். கடிதம் வந்தால் அந்தத் தேதியிலிருந்து நாள் எண்ணத் தொடங்குவாராம்; அடுத்த கடிதம் வந்ததும் அதை விட்டுவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவாராம். அவ்வளவே சொன்னார். புறப்படும்போது ஒரு பழைய செய்தித்தாளில் ஒரு துண்டு மாசியைப் பொதிந்து என் மனைவி கையில் கொடுத்தார்.

பிறகு கலங்கரை விளக்கம். 1885ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கட்டியது. செங்கடலிலிருந்து கொழும்புக்குப் போகும் கப்பல்கள் அத்தீவை ஒட்டியே போக வேண்டியிருந்ததால் எழுந்த விளக்கு. சுழற்படி ஏறி உச்சிக்குப் போனால், காயல் ஒரு பக்கம் பச்சையும் நீலமுமாக, வெண்மணல் விளிம்பு கட்டி, மறுபக்கம் கருங்கடல். பாறைக்கு அப்பால் எங்கள் கப்பல் பிள்ளைகள் செய்த காகிதக் கப்பல்போல் நின்றது. மகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். அப்போது என் மகன், ஓராண்டாகப் பேசாதவன், அவள் பக்கத்தில் போய் நின்றான். "அக்கா, இப்போது ஒரு படகு கப்பலுக்குப் போகிறது. சிவப்புப் படகு. மூன்று பேர் நிற்கிறார்கள். அலை பாறையில் உடைகிற கோடு இங்கே தொடங்கி அதோ அங்கே முடிகிறது" என்று அவள் கையைப் பிடித்து விரலை நீட்டச் செய்து காட்டினான். அரைமணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தான். நானும் மனைவியும் படியிலேயே நின்றுவிட்டோம்.

திரும்பி வந்ததும் தந்தையாரிடம் உண்மையைச் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். மாசிப் பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார். மோந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை மருமகளை அழைத்து, தேங்காய் வைத்துச் சம்பல் இடிக்கச் சொன்னார்.

பின்பு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விதிகளை என் மகன்தான் படித்துச் சொன்னான். கடல்சார் பொறியியலுக்குக் கண்ணாடி தடையில்லை. இரண்டரை வரை குறை இருக்கலாம், கண்ணாடி போட்டால் முழுப்பார்வை வர வேண்டும், நிறக்குருடு கூடாது. என் மகளுக்கு இரண்டுதான். 2021ஆம் ஆண்டு பொது நுழைவுத் தேர்வு எழுதி, இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்து, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது அது. நம் பெண்களில் எவருக்கேனும் விருப்பம் இருந்தால் என்னிடம் வந்து கேளுங்கள். படிவம் நிரப்புவதில் எனக்கு இப்போது நல்ல பழக்கம்.

நான் மனம் மாறிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். 2025 மே மாதம் நம் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்னும் சரக்குக் கப்பல் சாய்ந்து மூழ்கியது உங்களுக்கு நினைவிருக்கும். பெட்டிகள் நம் கடற்கரைகளில் வந்து ஒதுங்கின. வெண்மணிபோன்ற பிளாஸ்டிக் துகள்களை மூட்டை மூட்டையாய் அள்ளினார்கள். 24 பேரும் உயிர் பிழைத்தனர். மற்றவர் கரையேறிய பின்னும் இரவு முழுதும் அக்கப்பலிலேயே தங்கியவர் மூவர் என்றும், அவருள் தலைவரைத் தவிர இருவர் பொறியாளர் என்றும் படித்தேன். மகளுக்கு அப்போது இறுதித் தேர்வு. அன்று கைபேசியில் அவளை அழைத்து, "போதும், படிப்பை முடித்துவிட்டுக் கரையிலேயே ஒரு வேலை பார்" என்றேன். "இரண்டு பொறியாளர் ஏன் தங்கினார்கள் தெரியுமா, அப்பா?" என்று தொடங்கி, அவள் ஏதோ விளக்கினாள். இம்முறை எனக்கு விளங்கவில்லை. வைத்துவிட்டேன். இரண்டு வாரம் பேசவில்லை. என் தந்தையார், வயது எண்பத்தைந்து, தடி ஊன்றி என் அறைக்கு வந்து, "அவளிடம் சத்தியம் கித்தியம் வாங்கி வைக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் இப்போது ஒரு சரக்குக் கப்பலில் பயிற்சிப் பொறியாளர். இவ்விழாவுக்கு வர இயலவில்லை. 2025 டிசம்பரில் ஒருநாள் அவளிடமிருந்து செய்தி வந்தது. கொழும்பைக் கடந்து அரபு நாட்டுத் துறைமுகத்துக்குப் போகும் வழியில், முந்தின இரவு மினிக்காயை ஒட்டிச் சென்றார்களாம். விளக்கம் நன்றாகத் தெரிந்ததென்று மேலே காவலில் நின்றவர் சொன்னாராம். அவள் அப்போது இயந்திர அறையில், எண்ணெய்க் குழாய் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தாளாம். தம்பிக்கு இதைச் சொல்லும்படி எழுதியிருந்தாள். சொன்னேன்.